ஒன்றரை வருஷம் காசு கொடுத்துக் கேட்ட வலதுசாரி பாட்காஸ்ட்: சனிக்கிழமைக்கு மட்டும் சந்தா கட்டலாம்

டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறேன், வீடு ஃப்ரிஸ்கோவில், ஆபீஸ் லாஸ் கோலினாஸில். காலையில் நாற்பது நிமிடம், சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகும். அந்தக் கார் நேரத்துக்காகத்தான் 2024 ஏப்ரலில் இந்தச் சந்தாவைப் போட்டேன். கோயிலில் அன்னதான வரிசையில் பக்கத்தில் நின்ற திருச்சிக்கார அண்ணன் ஒருவர் சொல்லித்தான் தெரியும். "டிவியில சொல்லாததை இவங்க சொல்றாங்க தம்பி, ஒரு வாரம் கேட்டுப் பாருங்க" என்றார். ஒரு வாரம் ஒன்றரை வருஷமாகிவிட்டது.

திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 50 நிமிடம் அன்றைய செய்தியைப் பற்றிய பேச்சு. சனிக்கிழமை ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம். குற்றம், எல்லை, குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்துவது, இதையெல்லாம் பத்திரிகைகள் எப்படி எழுதுகின்றன என்பது, இவைதான் அவர்கள் பேசும் விஷயம். தினசரி நிகழ்ச்சியை விளம்பரத்தோடு இலவசமாகவே கேட்கலாம், சனிக்கிழமை எபிசோடுக்கு மட்டும் சந்தா கட்டாயம். மாதம் 10 டாலர், வருஷமாகக் கட்டினால் 96. குறைகளும் சொல்லப்போகிறேன், அவர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றும் நிலுவையில் இருக்கிறது, அதனால் பெயரைப் போடவில்லை.

என் பக்கத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2011-ல் எனக்கு கிரீன் கார்டு வரிசை தொடங்கியது, கார்டு கைக்கு வந்தது 2021-ல். நடுவில் அப்பா தவறியபோது, ஊருக்குப் போனால் விசா ஸ்டாம்பிங்கில் மாட்டி வேலையும் வீடும் இங்கேயே நின்றுவிடுமோ என்று பயந்து, காரியத்தை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தேன். அப்படி வரிசையில் நின்றவனுக்கு, வரிசை என்று ஒன்று இருக்க வேண்டும், அதற்கு மதிப்பு இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்புதானே. குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தச் சொல்வதையே வெறுப்பு என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தோடுதான் சந்தா கட்டினேன், இப்போதும் அது போகவில்லை.

சனிக்கிழமை எபிசோடுகளில் முதலில் என்னைப் பிடித்துவைத்தது கேட் ஸ்டைன்லி வழக்கு. 2015 ஜூலை 1, சான் பிரான்சிஸ்கோவில் 14-ஆம் எண் படகுத்துறையில் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த பெண் குண்டு பாய்ந்து இறந்தார். சுட்டவர் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்தவர். சில மாதங்களுக்கு முன்புதான், பழைய கஞ்சா வழக்கு ஒன்றைத் தள்ளுபடி செய்ததும், நகர ஷெரிஃப் அலுவலகம் அவரை வெளியே விட்டிருந்தது. குடியேற்ற அமலாக்கத் துறை, அதாவது ஐஸ், "எங்களிடம் ஒப்படையுங்கள்" என்று கேட்டிருந்தும் விட்டார்கள். அந்தக் கோரிக்கைக்கு டீடெய்னர் என்று பெயர். பத்து வருஷமாகச் செய்தியில் கேட்ட வார்த்தை, ஆனால் அது எப்படி நடக்கிறது என்று இந்த எபிசோடில்தான் புரிந்தது. உள்ளூர் ஜெயிலில் கைரேகை எடுக்கிறார்கள், அது எஃப்பிஐக்குப் போய் அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் போகிறது, அங்கே பெயர் மாட்டினால் "விடுதலை நேரத்துக்கு மேல் 48 மணி நேரம்வரை வைத்திருங்கள், வந்து அழைத்துக்கொள்கிறோம்" என்று ஒரு படிவம் வருகிறது. அதை மதிப்பதா வேண்டாமா என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. டெக்சாஸில் 2017 சட்டப்படி மதித்தே ஆக வேண்டும், கலிஃபோர்னியாவில் அதே வருஷத்துச் சட்டம் நேர் எதிர்த் திசையில் போனது.

இவ்வளவும் தங்கள் கட்சிக்குச் சாதகம் என்பதால் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குண்டு முதலில் கான்கிரீட் தரையில் பட்டுத் தெறித்துத்தான் அந்தப் பெண்மேல் பாய்ந்தது, துப்பாக்கி மத்திய அரசு அதிகாரி ஒருவரின் காரிலிருந்து திருடுபோனது, 2017 நவம்பரில் ஜூரி கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது என்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னார்கள். ஜூரி ஏன் அப்படி முடிவெடுத்தது என்று எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்தை இருபது நிமிடம் குறுக்கிடாமல் விளக்கினார் தொகுப்பாளர். அன்றைக்குத்தான் இந்த 96 டாலர் வீண் இல்லை என்று நினைத்தேன்.

லேக்கன் ரைலி எபிசோடைக் கேட்டபோது காரை ஓட்ட முடியவில்லை. ஜார்ஜியாவில் ஏதன்ஸ், 2024 பிப்ரவரி 22, நர்சிங் படிக்கும் 22 வயதுப் பெண் காலையில் ஓடப் போகிறாள். 9:11-க்கு அவள் போனிலிருந்து 911-க்கு அழைப்பு போகிறது. 9:28-க்குக் கையில் கட்டியிருந்த வாட்ச்சில் இதயத் துடிப்பு நிற்கிறது. அந்தப் பதினேழு நிமிடமும் அவள் போராடியிருக்கிறாள் என்று அரசு வக்கீல் கோர்ட்டில் சொன்னதை வாசித்தார்கள். டோல்வேயிலிருந்து இறங்கி ஒரு கேஸ் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திவிட்டு மகளுக்கு போன் செய்தேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அவளும் காலையில் ஓடப் போகிறவள். "என்னப்பா, ஸ்கூல்ல இருக்கேன்" என்று கிசுகிசுத்தாள். ஒன்றுமில்லைம்மா என்று வைத்துவிட்டேன்.

கொன்றவர் வெனிசுவேலாக்காரர், 2022 செப்டம்பரில் எல் பாசோ பக்கம் எல்லை தாண்டிப் பிடிபட்டு வெளியே விடப்பட்டவர். இடையில் நியூயார்க்கில் ஒரு கைது, ஏதன்ஸிலேயே கடையில் திருடிய வழக்கு. 2024 நவம்பர் 20-ல் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. திருட்டு மாதிரிக் குற்றங்களில் கைதாகும் சட்டவிரோதக் குடியேறிகளைக் காவலில் வைத்தே ஆக வேண்டும் என்று அந்தப் பெண் பெயரில் ஒரு சட்டம் 2025 ஜனவரி 29-ல் கையெழுத்தானது. ஒவ்வொரு கட்டத்திலும் யார் கையில் எந்தக் காகிதம் இருந்தது என்று அவர்கள் சொன்ன விதத்தில் கூச்சலே இல்லை, அதனாலேயே நெஞ்சில் தங்கியது. இதைத் தனிமனிதக் குற்றம் என்று இரண்டு பத்தியில் முடித்த பத்திரிகைகளிடம் அந்த அக்கறையை நான் பார்க்கவில்லை.

பத்திரிகைகள் பற்றி அவர்கள் சொல்வதில் எனக்கு மிகச் சரி என்று பட்டது நார்த் கரோலைனாவில் சார்லட் நகரத்து ரயில் கொலை. 2025 ஆகஸ்ட் 22 இரவு, உக்ரைன் போருக்குத் தப்பி வந்த 23 வயது இரினா ஸாருட்ஸ்கா ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பின் சீட்டில் இருந்தவர் கத்தியால் குத்தினார் என்பது வழக்கு. உள்ளூர்ச் செய்தியில் அன்றே வந்துவிட்டது. நாட்டின் பெரிய பத்திரிகைகள் அதைக் கையில் எடுத்தது செப்டம்பர் முதல் வாரத்தில் ரயில் கேமரா வீடியோ வெளிவந்து எல்லோர் போனிலும் ஓடிய பிறகுதான். அப்போதும் சில தலைப்புகள் கொலையைவிட, வலதுசாரிகள் அதைப் பேசுவதையே பெரிதாக்கின. இவர்கள் அந்த இரண்டு வாரத்தை நாள் நாளாக எடுத்துவைத்துக் காட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் குடியேறி இல்லை, குடியேறி வந்தவர் இறந்த பெண்தான் என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். முன்பே பல முறை கைதானவரை அந்த ஜனவரியில் "கோர்ட்டுக்கு வருவேன்" என்ற எழுத்து வாக்குறுதியின் பேரில் வெளியே விட்டதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. நார்த் கரோலைனா சட்டசபையும் அதைத்தான் கேட்டு, வீடியோ வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஜாமீன் சட்டத்தைத் திருத்தியது.

குற்றப் புள்ளிவிவரம் பற்றிய ஒரு எபிசோடை, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கேட்கலாம். 2022-ல் வன்முறைக் குற்றம் சுமார் 2 சதவீதம் குறைந்தது என்று எஃப்பிஐ முதலில் சொன்னது, பிறகு சத்தமில்லாமல் எண்களைத் திருத்தியதில் அது 4.5 சதவீத உயர்வாக மாறியது. 2021-ல் கணக்கெடுக்கும் முறையை மாற்றியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் விவரமே தரவில்லை. போலீஸிடம் போகாத குற்றங்களைப் பிடிப்பதற்கு வீடு வீடாக ஒரு சர்வே இருக்கிறது, ஆனால் கொலை அதில் வராது, செத்தவரிடம் பேட்டி எடுக்க முடியாதே. இவ்வளவையும் இத்தனை எளிதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் கொலைகள் 2023-லும் 2024-லும் பெரிய அளவில் குறைந்தன என்பதைக் கடைசி இரண்டு நிமிடத்தில் அவசரமாகச் சொல்லி முடித்தார்கள். நான் இரண்டாம் முறை கேட்டபோதுதான் அது காதில் விழுந்தது.

சரி, இப்போது தினசரி நிகழ்ச்சி. அதே தொகுப்பாளர்தான், ஆனால் வேறு ஆள் மாதிரி.

2024 செப்டம்பர் கடைசியில் ஐஸ் ஒரு காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதிய கடிதம் வெளியானது. கொலைக் குற்றத்தில் தண்டனை பெற்ற 13,099 வெளிநாட்டவர் "காவலில் இல்லாதவர்" பட்டியலில் இருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை நிகழ்ச்சி "13,099 கொலைகாரர்கள் உங்கள் தெருவில்" என்று தொடங்கியது, வாரம் முழுக்க அதேதான் ஓடியது. எனக்கு உடம்பு பதறி, ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். அந்தப் பட்டியல் ஐஸின் காவலில் இல்லாதவர்களின் பட்டியல், மாநிலச் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவிப்பவரும் அதில் அடக்கம். பல பத்து வருஷங்களில் வந்தவர்கள் சேர்ந்த கணக்கு அது. எத்தனை பேர் உண்மையிலேயே வெளியே இருக்கிறார்கள் என்பது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, நூறு பேர் என்றாலும் எனக்கு அது அதிகம். ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் கேட்கவே இல்லை. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் காகிதம் காகிதமாகப் பிரிக்கத் தெரிந்தவருக்கு இது தெரியாமலா போகும்?

அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஸ்பிரிங்ஃபீல்டு. ஓஹாயோவில் ஹைட்டிக்காரர்கள் பூனை நாய்களைப் பிடித்துத் தின்கிறார்கள் என்று மூன்று நாள் பேசினார்கள். அப்படி நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்று அந்த ஊர் நிர்வாகமே சொன்னது. அப்புறம் அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்து பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அங்கே இருந்த ஹைட்டிக்காரர்களில் பெரும்பாலோர் சட்டப்படி அனுமதியோடு இருந்தவர்கள். ஒரு சிறு நகரத்துக்கு ஒரே நேரத்தில் அவ்வளவு பேர் வந்தால் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் வாடகையும் என்ன ஆகும் என்பது நல்ல கேள்வி, அதைப் பேசியிருக்கலாம். அந்த எபிசோடுகள் இன்றும் ஆப்பில் அப்படியே கிடக்கின்றன, ஒரு வரித் திருத்தம்கூட இல்லை.

மேரிலாந்தில் வாழ்ந்து, 2025 மார்ச்சில் எல் சால்வடோருக்கு நாடு கடத்தப்பட்ட அப்ரேகோ கார்சியா விஷயத்திலும் அப்படித்தான். "மேரிலாந்து தந்தை" என்று தலைப்புப் போட்டு, அவர் சட்டவிரோதமாக வந்தவர் என்பதைப் பத்தாவது பத்திக்குத் தள்ளிய பத்திரிகைகளை இவர்கள் திட்டினார்கள், எனக்கும் உடன்பாடுதான். ஆனால் எல் சால்வடோருக்கு அவரை அனுப்பக் கூடாது என்று 2019-லேயே குடியேற்ற நீதிபதி உத்தரவு போட்டிருந்தார் என்பதையும், அனுப்பியது தவறு என்று அரசு வக்கீலே கோர்ட்டில் ஒப்புக்கொண்டதையும் இவர்கள் வாயிலிருந்து கேட்க எனக்கு மூன்று வாரம் ஆனது. சட்டத்தின் பெயரால் பேசுகிறவர்களுக்கு நீதிபதி போட்ட உத்தரவும் சட்டம்தான்.

டெக்சாஸ் மாநிலப் போலீஸ் கைதானவர்களின் குடியேற்ற நிலையையும் பதிவு செய்கிறது. அந்தக் கணக்கை வைத்து கேட்டோ இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு வருஷக்கணக்காக ஆராய்ந்து, சட்டவிரோதமாக இருப்பவர்கள் தண்டனை பெறும் விகிதம் இங்கே பிறந்தவர்களைவிடக் குறைவு என்று சொல்கிறது. கேட்டோ இடதுசாரி அமைப்பு இல்லை. அந்தக் கணக்கில் விடுபட்டவர்கள் உண்டு, சிறைக்குப் போன பிறகு அடையாளம் தெரிகிறவர்களைச் சேர்க்க வேண்டும் என்று, குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்லும் சென்டர் ஃபார் இமிக்ரேஷன் ஸ்டடீஸ் என்ற ஆய்வு அமைப்பு மறுக்கிறது. இந்தச் சண்டையே ஒரு முழு சனிக்கிழமைக்குத் தாங்கும். நம் மாநிலத்து விவரம், நம் மாநிலத்து நிகழ்ச்சி, ஒன்றரை வருஷத்தில் நான் கேட்ட வரையில் ஒரு முறைகூடப் பேசவில்லை. விகிதம் குறைவாக இருந்தாலும் லேக்கன் ரைலியின் வீட்டில் எதுவும் மாறாது, விடக் கூடாத ஆளை விட்டது தவறுதான். அப்படியிருக்க அந்தக் கணக்கைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

எனக்கு உண்மையில் வலித்தது 2024 டிசம்பர். சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை டிரம்ப் ஏஐ ஆலோசகராக அறிவித்ததும், ஹெச்1பி வேலை விசா பற்றிய சண்டை வெடித்தது. "எங்களுக்குச் சட்டவிரோதமாக வருகிறவர்களோடுதான் பிரச்சினை, சட்டப்படி வருகிறவர்களை வரவேற்கிறோம்", இதை அந்தத் தொகுப்பாளர் எத்தனை முறை சொல்லிக் கேட்டிருப்பேன். அந்த வாரம் வந்த விருந்தினர் இந்தியர்களைப் பற்றி என்னென்னவோ பேசினார், இவர் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஹெச்1பியில் மோசடி நடக்கிறது, கன்சல்டன்சிகள் செய்கிற அநியாயம் நமக்குத் தெரியாததா, அதைப் பேசட்டும். பேசியது அதை அல்ல. காரில் மனைவியும் இருந்தாள். "இதுக்கா காசு கட்டறீங்க?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்றிரவே கடிதம் எழுதினேன், இரண்டு பக்கம். ஜனவரியில் நேயர் கடிதங்கள் பகுதியில் பாதியை வாசித்தார், அதற்கு நன்றி. சட்டப்படி வந்தவர்களைத் தூக்கிவீசும் பேச்சை அன்றே மறுத்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார். குரலைக் கேட்டால் ஒப்புக்குச் சொன்ன மாதிரி இல்லை. அதனால்தான் சந்தாவை அப்போது நிறுத்தவில்லை.

ஆப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார்பிளேயில் ஒழுங்காக வேலை செய்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. எபிசோடுக்குக் கீழே ஆவணங்களின் இணைப்பு போடுகிறார்கள், ஆனால் சனிக்கிழமைக்கு மட்டும். சந்தாவை மாற்றவோ நிறுத்தவோ ஆப்பில் வழி இல்லை, இணையதளத்தில் போய் மூன்று பக்கம் தாண்ட வேண்டும்.

வாங்கலாமா என்று கேட்டால், மாதச் சந்தாவாக வாங்குங்கள். காலையில் தினசரி நிகழ்ச்சியைக் கேட்பதை நான் விட்டுவிட்டேன், அந்த நேரத்துக்கு இளையராஜா போதும். சனிக்கிழமை மட்டும், மகளை நடன வகுப்பில் விட்டுவிட்டுக் காரிலேயே உட்கார்ந்து கேட்கிறேன். கடிதத்தில் அவர் வாசிக்காமல் விட்ட பாதி 13,099 பற்றியது, அந்த எபிசோடின் கீழே ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்டிருந்தேன். போன மாதம் மறுபடியும் எழுதினேன். இன்று காலை வரை போடவில்லை, போட்டால் இங்கேயே வந்து எழுதுகிறேன்.