டிமென்ஷியா பராமரிப்பின் தரம்: பதிவேடா, கேள்வித்தாளா, நேரில் கவனிப்பதா?

டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்கள் தங்கியிருக்கும் இல்லத்தில் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மூன்று வழிகள் உண்டு. பதிவேட்டைப் புரட்டலாம், கேள்வித்தாள் கொடுக்கலாம், உட்கார்ந்து கவனிக்கலாம். என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது.

பதிவேடு இல்லாமல் முடியாது. கீழே விழுந்தது, எடை குறைந்தது, படுக்கைப்புண், மாத்திரை எல்லாம் அதில்தான் தெரியவரும். ஆனால் "மதிய உணவு: முழுவதும் சாப்பிட்டார்" என்பதோடு அது நின்றுவிடும்.

கேள்வித்தாளின் பலம், சம்பந்தப்பட்டவரையே கேட்பது. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் இப்படியான கேள்வித்தாள்களில் க்யூஓஎல்-ஏடியில் 13 கேள்விகள், டெம்க்வாலில் 28. நோய் முற்றாதவர்களில் பலர் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். முற்றியபின் குடும்பத்தாரையோ ஊழியரையோ கேட்க வேண்டியதுதான். அவர்கள் போடும் மதிப்பெண் பெரும்பாலும் நோயாளி தனக்குப் போட்டுக்கொள்வதைவிடக் குறைவாகவே இருக்கும். மகள் சொல்வதை அம்மாவின் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்புறம், நேரில் கவனிப்பது. பிரிட்டனில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் குழுவினர் உருவாக்கிய 'டிமென்ஷியா கேர் மேப்பிங்' இதில் முக்கியமானது. பயிற்சி பெற்றவர் பொது அறையில் சில மணி நேரம் உட்கார்ந்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் என்ன செய்கிறார், மனநிலை எப்படி என்று +5 முதல் -5 வரை குறிக்கிறார். அதே மதிய உணவைப் பாருங்கள். ஊட்டிவிடுகிறவர் ஒரு அம்மாவின் தலைக்கு மேலே சக ஊழியரோடு பேசிக்கொண்டிருக்கிறார். கரண்டி உதட்டில் பட்ட பிறகுதான் அந்த அம்மா திடுக்கிட்டு வாய் திறக்கிறார். மறுநாள் வேறொருவர் எதிரே உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கரண்டியை அவர் கையிலேயே கொடுக்கிறார். அந்த அம்மா சிரிக்கிறார். பதிவேட்டில் இரண்டு நாளும் ஒரே வரிதான்.

குறைகளும் சின்னவை அல்ல. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் இந்த முறை போகாது. மரியாதை அதிகம் அடிபடுவது அங்கேதான். ஆள் பார்க்கிறார் என்றால் ஊழியர்கள் கொஞ்சம் கவனமாகவும் நடப்பார்கள். பயிற்சிக்கும் நேரத்துக்கும் செலவு அதிகம். ஆஸ்திரேலியாவில் 2009-இல் வெளியான ஆய்வில், மேப்பிங் செய்த இல்லங்களில் நோயாளிகளின் படபடப்பு குறைந்தது. ஆனால் மேப்பிங் இல்லாமல் ஊழியர்களுக்குத் தனிநபர் சார்ந்த பராமரிப்பில், அதாவது ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்த்துக் கவனிப்பதில், பயிற்சி கொடுத்த இல்லங்களிலும் அது குறைந்தது. பிரிட்டனில் 50 இல்லங்களில் நடந்த ஆய்விலோ மேப்பிங்கால் பலன் தெரியவில்லை. அங்கே பல இல்லங்கள் மேப்பிங்கின் முதல் சுற்றுக்கு மேல் தொடரவே இல்லை.

நிபந்தனை என்றேனே, அது இதுதான்: கவனித்ததை வைத்து எதையாவது மாற்றி, மறுபடி கவனிக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாத இல்லம் முழு மேப்பிங்கில் இறங்க வேண்டாம். சாப்பாட்டு வேளையில் ஒரு மணி நேரம் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும். பார்த்ததை அந்த வாரமே ஊழியர்களிடம் சொல்லட்டும், நன்றாகச் செய்ததை முதலில். குறை சொல்ல வந்தவர் என்ற எண்ணம் விழுந்துவிட்டால் அடுத்த முறை யாரும் இயல்பாக இருக்க மாட்டார்கள்.