கொழும்பா, யாழ்ப்பாணமா? வன்னியிலிருந்து நூதனசாலை பார்க்கப் போகிறவர்களுக்கு

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருந்து பிள்ளைகளை நூதனசாலைக்குக் கூட்டிப்போவதென்றால் கண்முன் வருவது இரண்டு இடங்கள். வடக்கே நல்லூர் நாவலர் வீதியில் இருக்கும் தொல்பொருள் நூதனசாலை. தெற்கே கொழும்பு தேசிய நூதனசாலை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லைதான். ஆனால் வீட்டுச் செலவுக் கணக்கில் இரண்டும் ஒரே வரியில்தான் வந்து நிற்கின்றன.

பயணத்தில் போட்டியே இல்லை. யாழ்ப்பாணத்துக்குக் காலையில் பஸ் ஏறினால் பின்னேரம் வீட்டில் நிற்கலாம். கொழும்பென்றால் ரயிலில் அரைநாள் போய்விடும், இரவு தங்கவும் வேண்டும். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் தப்பினோம்.

அந்தச் செலவுக்குக் கொழும்பு என்ன தருகிறது? முதலில் கட்டடம். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1877இல் திறந்தது. இத்தாலியப் பாணியில், வெள்ளை வெளேரென்று. உள்ளே எல்லோரும் கண்டி அரசரின் சிம்மாசனத்துக்கு முன்னால்தான் கூடி நிற்பார்கள். 1815இல் வெள்ளைக்காரன் கொண்டுபோய், 1934இல் திருப்பித் தந்தது அது. பார்க்க வேண்டியதுதான், ஆனால் எனக்கு அது இரண்டாம் பட்சம்.

நான் முதலில் போகச் சொல்வது பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலங்களிடம். நடராசர் இருக்கிறார், நாயன்மார் இருக்கிறார்கள். காரைக்கால் அம்மையாரிடம் சற்று நேரம் நில்லுங்கள். விலா எலும்பு ஒவ்வொன்றாய் எண்ணலாம், மார்பு வற்றிக் கிடக்கிறது, கையில் தாளம். அந்த எலும்புக்கூட்டு உடம்பிலும் முகம் பாட்டில்தான் இருக்கிறது. திருவிழாவில் தேவாரம் பாடும் கிழவி ஒருத்தியை நேரில் பார்த்தது போலிருக்கும்.

அப்புறம் காலியில் 1911இல் அகப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய கல், அதிலுள்ள ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்கரைக் கோயில் தெய்வமான தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. சாதாரண தரத்துக்கு வரலாறு படிக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு கல் போதும், ரயில் காசு வீண் போகாது.

யாழ்ப்பாணத்தில் இப்படி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நாவலர் மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் சின்னக் கட்டடம். வாசலில் துருப்பிடித்த ஒல்லாந்தர் பீரங்கிகள், திமிங்கில எலும்புகள். உள்ளே கந்தரோடையில் எடுத்த புத்தர் சிலைத் துண்டுகளும் பழைய வீட்டுப் பொருட்களும். ஆனால் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் இங்கேதான் குதூகலப்படும். திமிங்கிலம் ஒன்றே அரைமணி நேரம் தாங்கும். கொழும்பின் நீள நீளமான மண்டபங்களில் அதே பிள்ளை மூன்றாவது அறையிலேயே "அம்மா, போவம்" என்று தொடங்கிவிடும்.

வசதி என்று பார்த்தால் கொழும்பின் கை ஓங்கியிருக்கிறது. விளக்கப் பலகைகளில் பெரும்பாலும் தமிழும் உண்டு. உள்நாட்டவருக்கு ரிக்கற் மலிவு. வளவும் பெரிது, பக்கத்திலேயே இயற்கை வரலாற்று நூதனசாலை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எழுதி வைத்திருப்பது கொஞ்சம், விஷயம் தெரிந்த ஒருவர் கூட வந்தால்தான் ருசிக்கும்.

பலர் கவனிக்காத சேவை நூலகம். இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதி கொழும்பு நூதனசாலை நூலகத்தில் சேரவேண்டும் என்று 1885இலேயே சட்டம் வந்துவிட்டது. பேரனார் காலத்துக் கோயில் மலர், ஊர் வரலாறு என்று தேடி அலைகிறவர்கள் கதவு தட்ட வேண்டிய இடம் அது. ஆனால் சும்மா சுற்றிப்பார்க்கும் இடமல்ல, படிக்க வருகிறவர்களுக்கானது. யாழ்ப்பாண நூதனசாலைக்கு அப்படியொரு நூலகம் இல்லை. அந்தக் குறையை, 1981இல் எரிக்கப்பட்டு மறுபடி எழும்பிய பொது நூலகத்தை அதே பயணத்தில் சேர்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான்.

ஆகவே சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் என்றால் யாழ்ப்பாணம், அதிலும் செவ்வாய்க்கிழமை தவிர்த்து, அன்று பூட்டு. மேல்வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் கடன்பட்டாவது கொழும்பு. இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவுக்கு ஒரு சைக்கிள் ஓட்டம். வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803இல் தோற்ற இடமென்று வெள்ளைக்காரன் நட்ட கல்லின் கதைக்கு ரிக்கற்றும் இல்லை, பூட்டும் இல்லை.