கண் வறட்சிக்கு 'லைட் சிகிச்சை': பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

சென்னையில் ஒரு தனியார் கண் கிளினிக்கில் என் அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட கண் வறட்சி இருந்தால் முழுதும் படித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு 58 வயது. கண்ணில் மணல் விழுந்தது போல எந்நேரமும் உறுத்தல். ஃபேன் காற்று பட்டாலே எரிச்சல். சொட்டு மருந்து போட்டுப் போட்டு அலுத்துப்போன நிலையில்தான் அந்தக் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் கருவி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இமைச் சுரப்பிகளில் அடைப்பு என்றார். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மீதியெல்லாம் வெளியே உட்கார்ந்திருந்த கவுன்சிலர் பேசியதுதான். "ஐபிஎல்னு ஒரு லைட் ட்ரீட்மென்ட் ஆன்ட்டி. நாலு சிட்டிங். அப்புறம் சொட்டு மருந்தே தேவைப்படாது." (ஐபிஎல் என்றால் Intense Pulsed Light, விட்டு விட்டுப் பாய்ச்சும் தீவிர ஒளி.) நாலுக்கும் அன்றே கட்டினால் தள்ளுபடி, 32,000 ரூபாய். ஒப்புதல் படிவம் பணம் கட்டிய பிறகுதான் வந்தது, அதுவும் முழுக்க ஆங்கிலத்தில்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சை பொய் இல்லை. இமை ஓரத்தில் மீபோமியன் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது. அவை அடைத்துக்கொண்டால் வரும் வறட்சிக்கு, கண்ணுக்குக் கீழே கன்னத்தில் பளிச் பளிச்சென்று ஒளி பாய்ச்சுகிறார்கள். அமெரிக்காவில் டாக்டர் ரொலாண்டோ டோயோஸ் என்பவர், முகச் சிவப்புக்கு இதே ஒளியை எடுத்துக்கொண்ட நோயாளிகளுக்குக் கண் வறட்சியும் குறைவதைக் கவனித்தார். அங்கிருந்துதான் இது வளர்ந்தது. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அந்நாட்டு அரசு அமைப்பான எஃப்டிஏ 2021-இல் இதற்கென ஒரு கருவியை அனுமதித்தது. ஆனால் அந்த அனுமதி என்ன சொல்கிறது தெரியுமா? சொட்டு மருந்து, வெந்நீர் ஒத்தடம், சுரப்பியை அழுத்தி எண்ணெய் எடுப்பது போன்றவற்றோடு துணையாகத்தான் இதைச் செய்ய வேண்டும். சொட்டு மருந்தே வேண்டாம் என்ற பேச்சு அதில் இல்லை.

இன்னொன்று, நமக்கு இதுதான் முக்கியம். அந்த அனுமதி, தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் முதல் நான்கு வகைத் தோலுக்கு மட்டும். ஐந்தும் ஆறும் கருமை கூடிய தோல். தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்ற நிறமி அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிவிடும். தீக்காயமும் கருந்திட்டும் வரலாம். நம் ஊரில் எத்தனை பேர் நான்கைத் தாண்டியவர்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அம்மாவும் அப்படித்தான். அந்தக் கிளினிக்கில் ஒருவரும் அவர் தோலைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது டாக்ஸிசைக்ளின், ஒளி பட்டால் தோலைப் பாதிக்கக்கூடிய மருந்து. எழுதிக் கொடுத்ததே அந்த டாக்டர்தான்!

இரண்டாவது சிட்டிங் முடிந்த அன்று இரவே கன்னம் எரிய ஆரம்பித்தது. மறுநாள் காலையில் இரண்டு கன்ன எலும்பின் மேலும் சிவந்த கட்டங்கள், கருவியின் முனையை அச்செடுத்து வைத்த மாதிரி, ஓரம்கூட நேராக. நாலைந்து நாளில் அவை கறுத்துவிட்டன. போனில் சொன்னால், "சிலருக்கு அப்படித்தான் இருக்கும், தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்றார்கள். கண்ணிலோ ஒரு மாற்றமும் இல்லை.

வேறொரு கண் மருத்துவமனையில் காட்டினோம். அங்கே முதலில் செய்தது ஷிர்மர் சோதனை. கீழ் இமைக்குள் ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் விட்டார்கள். பத்து மில்லிமீட்டருக்கு மேல் நனைய வேண்டிய காகிதம் மூன்றுகூடத் தாண்டவில்லை. அதாவது அம்மாவுக்குக் கண்ணீரே சரியாகச் சுரக்கவில்லை. வாய் உலர்கிறதா என்று கேட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள். ஷோக்ரன் என்ற நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குவது. கன்னத்தில் எத்தனை முறை ஒளி பாய்ச்சினாலும் இதற்குத் தீர்வு கிடைக்காது. ஒரு காகிதத் துண்டு சொல்லியிருக்கும் இதை. அதைச் செய்யாமல் 32,000 ரூபாயை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மீதி சிட்டிங்குக்கான பணத்தைக் கேட்டால், பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாதாம்.

யாராவது இந்தச் சிகிச்சையைச் சொன்னால், எனக்கு எந்த வகை வறட்சி என்று கேளுங்கள். ஷிர்மர் சோதனையும் இமைச் சுரப்பிகளின் படமும் எடுத்தார்களா, தோல் வகையைப் பார்த்தார்களா, சாப்பிடும் மருந்துகளைக் கேட்டார்களா என்று பாருங்கள். ஒளி புகாத கண் கவசம் இல்லாமல் உட்காரவே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டால் போதாது, இமைத் தோலைத் தாண்டி ஒளி உள்ளே போகும். கருவிழிப் படலம் (ஐரிஸ்) பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. பணத்தை ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சிகிச்சைப் பதிவேடுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. தோலில் காயம் இருந்தால் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நாங்கள் ரசீது, ஒப்புதல் படிவம், கன்னத்தின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அங்கே கொடுத்திருக்கிறோம்.