ஆய்வேடு டைப் செய்யக் கொடுக்கிறீர்களா? ஃபைல் விஷயத்தில் ஏமாறாதீர்கள்

தமிழ் ஆய்வேட்டை டி.டி.பி. கடையில் டைப் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கையெழுத்துப் படியைக் கொடுக்கும்போதே, "அண்ணே, சாஃப்ட் காப்பியும் தருவீங்கல்ல?" என்று கேட்டேன். "கண்டிப்பா தருவோம்மா" என்றார் கடைக்காரர். பக்கக் கணக்கில் பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு பென்டிரைவில் ஏற்றியும் கொடுத்தார். வீட்டில் வந்து பார்த்தால் எல்லாமே பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல். வேர்டில் திறக்கவே இல்லை. தெரிந்த அச்சகத்தில் இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருளின் புதுப் பதிப்பு இருக்கிறதே என்று கொண்டுபோனேன், பழைய சி.எஸ்.6 பதிப்பு வரைக்கும்தான் பேஜ்மேக்கர் ஃபைலை எடுக்கும், இதில் வராது என்று கையை விரித்துவிட்டார்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல். அதில் செய்ததைத்தான் இன்றும் நம் தலையில் கட்டுகிறார்கள்.

திரும்பப் போய்க் கேட்டால், "வேர்டுல வேணும்னா தனி சார்ஜ்மா" என்கிறார். சமர்ப்பிக்கும் தேதி நெருங்கிவிட்டதால் அதையும் கொடுத்தேன். வந்த வேர்டு ஃபைல் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது, ஒரு வரி படிக்க முடியவில்லை. காரணம், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அதில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும்.

இதற்கு நடுவில் நெறியாளர் ஒரு சொல்லைச் சுழித்துக் கொடுத்தாலும் அதே கடைக்குத்தான் ஓட வேண்டும், திருத்தத்துக்குத் தனிக் காசு, பக்கம் நகர்ந்துவிட்டால் பிரிண்டுக்கு மறுபடியும் காசு. எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடிக்கத் தெரியாமல் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. நம்மை வேறு கடைக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆகவே பேசும்போதே "யூனிகோடு, வேர்டு ஃபைல்" என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். முதல் பக்கம் அடித்ததுமே உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லித் திறந்து பாருங்கள். பி.டி.எஃப் கொடுத்தால் சரி என்று விட்டுவிடாதீர்கள், பாமினியில் செய்த பி.டி.எஃப் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சாயம் வெளுத்துவிடும். பட்டம் தருவதற்கு முன் ஆய்வேட்டின் மின்படி, ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்து வைக்கும் இன்ஃப்லிப்நெட் மையத்துக்குப் போக வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. அங்கே போகிற ஃபைலில் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடத் தேட முடியாதென்றால், அத்தனை வருட உழைப்பும் யார் கண்ணிலும் படாமல் போகும், எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் லிப்ரே ஆபீஸ் டிரா என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள், இலவசம்தான், பேஜ்மேக்கர் 6, 7 ஃபைல்களை அது எடுக்கும். எழுத்தெல்லாம் குப்பையாகத்தான் தெரியும், பரவாயில்லை, அப்படியே நகலெடுத்து இணையத்தில் கிடைக்கும் பாமினி–யூனிகோடு மாற்றியில் போட்டால் தமிழ் வந்துவிடும். ஆனால் ஆங்கில அடிக்குறிப்புகளையும் நூற்பட்டியலையும் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அந்த மாற்றிக்கு எது ஆங்கிலம் என்று தெரியாது, 'தி' என்ற ஆங்கிலச் சொல்லைக்கூட 'வாந' என்று மாற்றி வைத்துவிடும்.