சுரைக்குடுக்கையா, லாரி ட்யூபா, லைஃப் ஜாக்கெட்டா?

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளின் கால் தானாகத் தண்ணீர்ப் பக்கம் போகும். கிணறோ, ஏரியோ, படகுத்துறையோ, எதை நம்பி இறக்குவது என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு பழக்கம் இருக்கிறது. நான் பார்த்த மூன்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

எங்கள் பக்கம் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித்தான் நீச்சல் பழக்கினார்கள். இப்போது அந்த இடத்தில் மூடி இறுக்கிய 5 லிட்டர் எண்ணெய் கேன். பெரியவர் ஒருவரின் தலை தண்ணீருக்கு மேலே நிற்க, ஏறக்குறைய 3 முதல் 5 கிலோ தூக்குவிசை கூடுதலாகக் கிடைத்தால் போதும். அந்தக் கேனே அதைக் கொடுத்துவிடும். முதுகில் இருப்பதால் உடம்பு குப்புறச் சாய்கிறது; கை வீசிப் பழக அது நல்லது. ஆனால் பிள்ளை மயங்கினால் முகம் தண்ணீருக்குள்தான் இருக்கும். அதனால்தான் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை ஒரு பெரியவர் பிடித்திருப்பார். அங்கே உண்மையான காவல் அந்தக் கை. கயிறு பிடிக்க ஆள் இல்லாவிட்டால் கேன் மட்டும் போதாது.

லாரி ட்யூப் எனக்குப் பிடிக்கவே இல்லை. அதில் உட்கார்ந்த பிள்ளை கவிழ்ந்தால் தலை கீழே, கால் மேலே என்று மாட்டிக்கொள்ளும். ஏரியில் காற்று அடித்தால் ட்யூப் நடுவுக்குப் போய்விடும், நீந்தத் தெரியாதவர் பின்னால் போய் இழுக்கவும் முடியாது.

லைஃப் ஜாக்கெட்டுக்கு வருவோம். எல்லாமே ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். அது தூக்குவிசையின் அளவு; 10 நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ. 50 நியூட்டன் என்றால் நீந்தத் தெரிந்தவருக்கு உதவி, அவ்வளவுதான். மயங்கியவரை மல்லாக்கத் திருப்பிப் போடும் வகையில் வடிவமைப்பது 100 நியூட்டன் முதல்தான். பிள்ளைக்கு மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிய அளவு, தண்ணீரில் கழன்றுவிடும். கால்களுக்கு நடுவே போடும் பட்டை இருந்தால் அதையும் மாட்டுங்கள்.

படகில் வேறு எதுவும் இதற்கு ஈடில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று மலப்புரம் தானூரில், அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய இரண்டடுக்குப் படகில் 22 பேர். மூடிய அடுக்குக்குள் இருந்தால் ஜாக்கெட்டே நம்மைக் கூரையோடு ஒட்டிவிடக்கூடும். அதனால் ஜாக்கெட் போட்டாலும் திறந்த படகாகத் தேர்ந்தெடுங்கள், தலையை எண்ணிவிட்டு ஏறுங்கள்.

சரி, என் முடிவு இதுதான்: கிணற்றில் பழக, கேனும் கயிறும். படகுக்கு ஜாக்கெட். ட்யூப் வேண்டவே வேண்டாம்.

போன கோடையில் ஒரு படகுத்துறையில் ஜாக்கெட்டுகளை மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அளவு ஒன்றுகூட இல்லை. என் மகள் அழ அழ, வாங்கிய சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கரையிலேயே சோளம் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தேன்.