கோல்பாலா, பார்வையற்றோர் கிரிக்கெட்டா?

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு முதல் குழு விளையாட்டாக எதைக் கற்றுக்கொடுக்கலாம்? கிரிக்கெட் என்றதும் துள்ளுவார்கள். ஆனாலும் தொடக்கத்துக்குக் கோல்பால்தான் சரி. எதிரணியின் கோலுக்குள் பந்தை உருட்டிவிடுவதும், அவர்கள் உருட்டும் பந்தை ஓசை கேட்டு உடலால் தடுப்பதுமே இந்த ஆட்டம்.

பக்கத்துக்கு 3 பேர், 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள களம், உள்ளே மணிகள் போட்ட 1.25 கிலோ ரப்பர் பந்து. எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்வதால் கொஞ்சம் பார்வை உள்ள பிள்ளைக்குத் தனிச் சலுகை இல்லை. கோடுகளை விரலால் தடவி அறிய, 3 மி.மீ. கயிற்றை இழுத்துப் பிடித்து அதன்மேல் டேப் ஒட்டுங்கள். தளர்வாக விட்டால் இரண்டு பாய்ச்சலில் பெயர்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல் மணியோசையை விழுங்கிவிடும். தடுக்கும் பிள்ளை பக்கவாட்டில் படுத்து, கையும் காலும் நீட்டி, முகத்தைப் பின்னுக்கு இழுக்கப் பழக வேண்டும். முழங்கால், முழங்கைப் பட்டைகள் இல்லாமல் ஆடவிடாதீர்கள்.

கிரிக்கெட்டில் 11 பேரில் குறைந்தது 4 பேர் முழுப் பார்வையற்றவர்கள். அவர்கள் எடுக்கும் ஓட்டம் இரட்டிப்பாகும். கலகலக்கும் பிளாஸ்டிக் பந்தைத் தோளுக்குக் கீழிருந்து உருட்டி வீசுவார்கள். சிக்கல் எங்கே என்றால், புல்லில் பந்து நின்றதும் ஓசையும் நின்றுவிடும். பிறகு முழுப் பார்வையற்ற பிள்ளை தரையைத் துழாவிக்கொண்டே நிற்க, ஓரளவு பார்வை உள்ளவனே எல்லாப் பந்தையும் பொறுக்குவான். எல்லையைச் சுருக்கி, கெட்டித் தரையில் ஆடினால் இது குறையும். மைதானம் மட்டுமே இருக்கிறது, கோல்பாலுக்கு ஏற்ற உள்ளரங்கு இல்லை என்றால் கிரிக்கெட்டே போதும்.