கேஸா, ஹைப்போவா, பவுடரா? ஊர்த் தண்ணீருக்குக் குளோரின் போடும் நான்கு வழிகள்

ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். தினமும் ஒரு கோடி லிட்டர் தண்ணீர் விநியோகம். தலைக்கு 135 லிட்டர் என்று பார்த்தால் எழுபதாயிரம் பேருக்குச் சற்று மேல் குடிக்கிற தண்ணீர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் சேர்த்தால் நாளுக்கு 20 கிலோ வேண்டும். அந்த 20 கிலோவை எந்த வடிவத்தில் வாங்கி வைப்பது என்பதில்தான் பொறியாளருக்கும் ஆபரேட்டருக்கும் கணக்குப் பிரிவுக்கும் ஓயாத வழக்கு.

கேஸாக வாங்கினால் 20 கிலோ 20 கிலோவேதான். பத்து சதவீதக் குளோரின் உள்ள ஹைப்போ திரவமாக வாங்கினால் சுமார் 200 லிட்டர். பிளீச்சிங் பவுடர் என்றால் 60 கிலோ. உப்பிலிருந்து அங்கேயே தயாரித்தால் ஏறத்தாழ 70 கிலோ உப்பும் 100 யூனிட் மின்சாரமும் ஆகும். விலைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் முதல் வரியிலேயே நின்றுவிடுவார். நான் கேட்பது வேறு ஒன்று: இரவு இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் அங்கே யார் இருப்பார், அவர் கையில் என்ன இருக்கும்?

டன்னர்

நகராட்சி நீரேற்று நிலையங்களில் கேஸ் என்றால் பெரும்பாலும் டன்னர் என்னும் பெரிய இரும்பு உருளைதான். உள்ளே 900 கிலோ குளோரின், அழுத்தத்தில் திரவமாக இருக்கும். நம் ஊருக்கு ஒன்று 45 நாள் வரும். இடத்தை அடைக்காது, வெயிலில் வீரியம் குறையாது. ஆபரேட்டர்களுக்கு இதன் மேல் ஒரு பிரியம் உண்டு, அதில் தப்பும் இல்லை. மாட்டி, வால்வைத் திறந்து, மீட்டரில் அளவு வைத்துவிட்டால் தூக்கிச் சுமக்கிற வேலை எதுவும் கிடையாது.

ஆனால் திரவக் குளோரின் மைனஸ் 34 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு லிட்டர் வெளியே வந்தால் 450 லிட்டருக்கு மேல் கேஸ் ஆகிவிடும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் மேலே கலைந்து போகாது. சாக்கடை, கேபிள் பள்ளம், பம்ப் கிணறு என்று தாழ்ந்த இடமாகப் பார்த்து இறங்கித் தங்கும். ஒரு பிபிஎம்முக்கு (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். 10 பிபிஎம் ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து. 2005 ஜனவரி 6 அதிகாலையில் அமெரிக்காவின் கிரானிட்வில் ஊரில் சரக்கு ரயில் மோதி ஒரே ஒரு குளோரின் டேங்க் வேகன் கிழிந்தது; ஒன்பது பேர் இறந்தார்கள். 2022 ஜூன் 27 அன்று ஜோர்டானின் அகபா துறைமுகத்தில் கிரேன் கம்பி அறுந்து ஒரு குளோரின் கொள்கலன் விழுந்தது. அதில் 13 பேர்.

கசிவு என்றால் முதலில் செய்ய வேண்டியது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பது. கூரை மேல் அந்தத் துணிக்குழாய் கட்டுவது இதற்காகத்தான். நான் போன நிலையங்களில் பாதியில் அது கிழிந்து வெறும் வளையம்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கேஸ் போகும் பாதைக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் திசையில், மேடான இடத்துக்குப் போக வேண்டும். உள்ளே போகிறவருக்குச் சிலிண்டரோடு கூடிய மூச்சுக் கருவி வேண்டும். அதுவும் இரண்டு பேராக. வடிகட்டி மாட்டிய முகமூடி தப்பித்து வெளியே வருவதற்கு மட்டும்தான்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க அமோனியாக் கரைசல் பாட்டிலை அழுத்தி அதன் ஆவியை மட்டும் காட்டினால் போதும். கசியும் இடத்தில் வெள்ளைப் புகை எழும். அடுத்தது தெரிந்திருந்தால் உயிரைக் காப்பாற்றுகிற விஷயம். ஓட்டை கீழ்ப்பக்கம் இருந்து திரவம் கொட்டினால் டன்னரை உருட்டி ஓட்டையை மேலே கொண்டுவர வேண்டும். அப்போது வருவது கேஸ் மட்டும். திரவமாகக் கொட்டும் அளவில் பதினைந்தில் ஒரு பங்குதான் வெளியேறும். அதற்காகத்தான் டன்னரைப் படுக்கவைத்து, உருளைகள் மேல், இரண்டு வால்வும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரும்படி வைப்பது.

செய்யவே கூடாதது, ஆனால் எல்லோருக்கும் முதலில் கை போவது: ஓட்டை மேல் தண்ணீர் அடிப்பது. உலர்ந்த குளோரின் சாதாரண வெப்பத்தில் இரும்பை ஒன்றும் செய்யாது. ஈரம் பட்டதும் அமிலமாகி அதே இரும்பைத் தின்னும். காலையில் ஊசிமுனை அளவு இருந்த ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். அதனால் கசிகிற டன்னரைக் குளத்தில் தள்ளுவதும் கூடாது. சரியான மருந்து காஸ்டிக் சோடாக் கரைசல். கிலோவுக்குக் கிலோவைவிடக் கொஞ்சம் அதிகம் வேண்டும். முழு டன்னருக்கு ஒரு டன்னுக்கு மேல். அவ்வளவு காஸ்டிக் இருப்பு இல்லாத இடத்தில், கசிந்த கேஸைக் காஸ்டிக்கில் கரைக்கும் உறிஞ்சு கோபுரம் இருக்கிறது என்று பலகை எழுதி வைத்திருப்பதில் பொருள் இல்லை.

கசிவை அடைக்கும் அவசரக் கருவிப் பெட்டியும் அப்படித்தான். டன்னருக்கு உரியது ‘பி’ கிட். சிறிய சிலிண்டருக்கான ‘ஏ’ கிட் டன்னரின் வால்வில் பொருந்தாது. ஒரு நிலையத்தில் ‘பி’ கிட்டே புதுசாக இருந்தது, ஏழு வருடமாகப் புதுசாகவே இருந்தது. சாவி ஸ்டோர் கீப்பரிடம், ஸ்டோர் கீப்பர் ஐந்தரை மணி பஸ்ஸில்.

கேஸை மூச்சில் இழுத்தவரை நடக்க விடாமல் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும், ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். இருமல் நின்று “இப்போ பரவாயில்லை” என்றாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோப்பது உண்டு.

ஹைப்போ

சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம். பெரிய குடிநீர் நிலையங்கள் உலகெங்கும் இதன் பக்கம் சாய்ந்துவருகின்றன. வாஷிங்டனின் புளூ பிளெயின்ஸ் கழிவுநீர் நிலையம் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சில மாதங்களிலேயே கேஸைக் கைவிட்டு இதற்கு மாறியது. காரணம் எளிது: தொட்டி உடைந்தால் ஹைப்போ தரையில் ஓடும், ஊர் மேல் மேகமாகப் போகாது. நம் நாட்டில் நகரத்தின் நடுவில், பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி இருக்கும் நிலையங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சங்கடம் வெயில். 12 சதவீதமாக வந்திறங்கியது சித்திரை மாதத்தில் பிளாஸ்டிக் தொட்டியில் நின்றால் சில வாரங்களில் கணிசமாக இறங்கிவிடும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் சிதைவு மூன்று மடங்குக்கு மேல் வேகமாகும். அளவு குறைந்தது தெரியாமல் பழைய வேகத்திலேயே பம்ப் ஓடினால் குழாய்முனையில் குளோரினே இருக்காது. ஆபரேட்டருக்கு ஒன்றும் ஆகாது, ஊருக்குத்தான் வயிற்றுப்போக்கு. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரே லாரியாக வாங்குவது லாபம் இல்லை. பத்துப் பதினைந்து நாள் இருப்பு, நிழல், பாதி அளவு நீர்த்து வைத்தல், இவை மூன்றும் கட்டாயம்.

அதைவிடப் பெரிய ஆபத்து கலப்பது. ஹைப்போவில் அமிலம் சேர்ந்தால் குளோரின் கேஸ் கிளம்பும். எதற்குப் பயந்து டன்னரை அனுப்பினோமோ அதுவே. அமிலம் என்றால் பாட்டிலில் ‘ஆசிட்’ என்று எழுதியிருக்க வேண்டியதில்லை. தண்ணீரைத் தெளியவைக்கப் போடும் படிகாரக் கரைசலும் ஃபெரிக் குளோரைடும் அமிலத்தன்மை உள்ளவை, இரண்டும் அதே நிலையத்தில், பெரும்பாலும் அதே சுவருக்கு அந்தப் பக்கம். 2016 அக்டோபர் 21 அன்று கான்சாஸ் மாநிலத்தின் அட்சிசன் நகரில் ஒரு ஆலைக்குக் கந்தக அமிலம் கொண்டுவந்த லாரியின் ஹோஸ் ஹைப்போ தொட்டியின் குழாயில் மாட்டப்பட்டது. இரண்டு குழாயும் அருகருகே, பார்க்க ஒரே மாதிரி. மேகம் ஊருக்குள் போய் 140 பேருக்கு மேல் சிகிச்சைக்குப் போனார்கள். அங்கே எந்த டன்னரும் கசியவில்லை.

இதற்குப் பரிகாரம் மலிவானது. ஹைப்போவுக்கு ஒரு அளவு இணைப்பு, படிகாரத்துக்கு வேறு அளவு. தப்பாக மாட்ட முயன்றாலும் மாட்ட முடியாது. பூட்டின் சாவி நிலைய ஆளிடம், லாரிக்காரரிடம் இல்லை. அப்புறம் பால் வால்வு, அதாவது உள்ளே ஒரு பந்து திரும்பித் திறந்து மூடும் வால்வு: மூடிய வால்வின் குழிக்குள் சிக்கிய ஹைப்போ ஆக்சிஜனை விட்டு விட்டு அழுத்தம் ஏறி வெடிக்கும். அழுத்தம் வெளியேறப் பந்தில் தனித் துளையிட்ட வால்வு கிடைக்கிறது, அதைத்தான் போட வேண்டும்.

கொட்டினால் மணலால் அணை கட்டி நிறைய தண்ணீர் விடலாம். இங்கே தண்ணீர் நண்பன். மரத்தூள் போடக் கூடாது. ஆசிட் ஊற்றிச் ‘சரிசெய்ய’ முயலவே கூடாது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

பவுடர்

ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்கு இதுதான் நடைமுறை: ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம், பக்கெட்டில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுவது. ஒரு கோடி லிட்டருக்குத் தினமும் 60 கிலோ குழைப்பது ஆளுக்கும் கஷ்டம், குழாய்க்கும் கஷ்டம். புதிதில் 33 சதவீதம் அளவுக்கு இருக்கும் வீரியம், மூட்டை திறந்து கிடந்தால் இறங்கிக்கொண்டே போகும். பக்கத்தில் இருக்கும் மோட்டார் ஸ்டார்ட்டரின் செம்பு பச்சையாகிப் போவதை வைத்தே மூட்டையின் நிலையைச் சொல்லிவிடலாம்.

பலருக்குத் தெரியாதது தீ. பவுடரோடு பெட்ரோல், கிரீஸ், பிரேக் ஆயில் சேர்ந்தால் தானாகவே பற்றக்கூடும். அப்போது சுவரில் மாட்டியிருக்கும் ஏபிசி பவுடர் அணைப்பானை எடுக்கக் கூடாது, அதில் இருப்பது அமோனியம் உப்பு. குளோரினோடு சேர்ந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகலாம். ஏராளமான தண்ணீர் ஒன்றுதான் வழி.

உப்பும் கரண்ட்டும்

உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி 0.8 சதவீத ஹைப்போவை அங்கேயே தயாரிப்பது. ஊருக்குத் தினம் 2,500 லிட்டர். இவ்வளவு நீர்த்தது கொட்டினால் துடைத்துவிடலாம். கூடவே ஹைட்ரஜன் வரும், அதை மின்விசிறி வைத்து வெளியே தள்ள வேண்டும். கூரைக்குள் தங்கவிட்டால் ஒரு தீப்பொறி போதும். முதலீடு அதிகம், மின்தகடுகளைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மின்வெட்டில் கை கட்டி நிற்கும். அதனால் இரண்டு நாள் இருப்புத் தொட்டி வேண்டும்.

என் ஓட்டு? மூன்று ஷிஃப்ட்டிலும் பயிற்சி பெற்ற இருவர், மூச்சுக் கருவி, காஸ்டிக் இருப்பு, பூட்டாத கிட், இவை நான்கும் இருக்கும் பெரிய நிலையத்துக்கு டன்னர் சரி. நான்கில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். நம் எழுபதாயிரம் பேர் ஊரில் இரவில் ஒரே ஒரு ஆபரேட்டர்தான் இருப்பார், அவரும் பம்ப்பையும் பார்க்க வேண்டும். அங்கே உப்பும் கரண்ட்டும்தான் பொருத்தம். பணம் இல்லையென்றால் சிறு இருப்பில் ஹைப்போ, படிகாரத்தை விட்டுத் தள்ளி. பவுடர் கிராமத் தொட்டிக்கும் வெள்ளக்காலத்துக்கும்.

கேஸை விட்டு மாறுகிற நிலையங்களிடம் நான் கேட்கும் முதல் காகிதம் புது இயந்திரத்தின் பில் அல்ல, கடைசி டன்னரைத் திருப்பி அனுப்பிய ரசீது. 2010 ஜூலை 14 அன்று மும்பை சிவ்ரியில், துறைமுகத்தின் ஹாஜி பந்தர் கிடங்கில் குளோரின் சிலிண்டர் கசிந்து நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அந்தச் சிலிண்டர்களை யாரும் பயன்படுத்திக்கொண்டிருக்கவில்லை. 1997 முதல் உரியவர் வந்து எடுக்காமல் அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தவை.